லீவில் வரும் பிள்ளைகளுக்கு: கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள்

 

டிசம்பர் வந்தால் எங்கள் பக்கம் களை கட்டிவிடும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வட்டாரத்தில் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் இல்லாத தெரு கிடையாது. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைக்குச் சிலர், அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிலர், பொங்கலுக்கென்று லீவைச் சேர்த்து வைத்துச் சிலர் என்று வந்துகொண்டே இருப்பீர்கள். பிள்ளைகளோடு என் வீட்டுக்கும் வந்து "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?" என்பீர்கள். ஞாபகம் இருக்கிறது. பின்னக் கணக்கில் யார் யார் தப்பு செய்வீர்கள் என்பது உட்பட.

34 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்துவிட்டது. விண்ணப்பம் நிரப்புவது, பத்திரம் படித்துச் சொல்வது, எந்த அலுவலகத்துக்கு எதை எடுத்துப் போக வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது. நான் வக்கீல் இல்லை. சட்டச் சிக்கலுக்கு வக்கீலிடம்தான் போகச் சொல்வேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து குடும்பக் காகித வேலைகளை முடிக்க ஓடுகிறவர்களைப் பல வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்குக் கசக்கலாம். வகுப்பில் திட்டியபோது பொறுத்துக்கொண்டீர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். சொத்து விஷயத்தில் லீவில் வந்து முடிவெடுக்கக் கூடாது. முடிவை லீவுக்கு முன்னால், எல்லோரும் அறிய எடுத்துவிட்டு, லீவில் கையெழுத்து மட்டும் போட வேண்டும். இதை மாற்றிச் செய்யும் வீடுகளில் நஷ்டம் பெரும்பாலும் ஒரே ஆளுக்குத்தான் வருகிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு.

முதலில் உங்கள் லீவுக் கணக்கைப் பார்ப்போம்.

மூன்று வாரம் லீவு என்றால் 21 நாள். தாலுகா அலுவலகத்துக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. 6 போனால் 15. வந்த நாள், போகிற நாள், தூக்கம் தெளிகிற நாள் என்று 3 போனால் 12. குலதெய்வம் கோயில், மாமனார் வீடு, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று 4 போனால் 8. இடையில் அரசு விடுமுறை ஒன்று, 7. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம், அதிகாரிகள் பலர் அங்கே போய்விடுவார்கள். இரண்டு திங்கள் போனால் மீதி 5.

ஐந்து நாள்! இதில் அப்பாவின் இறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்தி, வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, பத்திரம் எழுதி, பதிந்து, பட்டா மாற்றிவிட்டு விமானம் ஏறலாம் என்று வருகிறீர்கள். என்னிடம் இப்படி ஒரு விடைத்தாள் வந்திருந்தால் "விடை பொருந்தவில்லை, மறுபடி செய்" என்று எழுதியிருப்பேன்.

இந்த வேலைகள் ஏன் இழுக்கின்றன? அலுவலகத்தைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். குறை அங்கே இல்லாமலும் இல்லை. ஆனால் பாதித் தாமதம் நம் வீட்டுப் பீரோவிலேயே இருக்கிறது.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இருப்பது இனிஷியல். பாஸ்போர்ட் கேட்பது குடும்பப் பெயர். எனவே அப்பா பெயரை விரித்துப் பின்னால் போட்டிருப்பீர்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. அப்பாவின் பெயர் 1960களின் கிரயப் பத்திரத்தில் சுப்பிரமணியன் என்று இருக்கும், ரேஷன் கார்டில் சுப்பிரமணி, ஆதாரில் சுப்ரமணியம், இறப்புச் சான்றிதழில் நாலாவதாக ஒன்று. அந்த நாலாவது எப்படி வந்தது? சாவு வீட்டு அழுகையில், கூட ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொன்னதை எழுதியிருப்பார்கள். அக்கா தங்கைகளுக்கு இன்னும் ஒரு படி மேலே. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். "இரண்டு பேரும் ஒரே ஆள்தான்" என்று காட்டுவதற்கே ஒரு வாரம் ஓடிவிடும்.

அடுத்தது பட்டா. 1979ல் தொடங்கி 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தார்கள். கிராமத்தில் இன்றும் யூ.டி.ஆர். என்றுதான் சொல்வார்கள். அப்போது பெயர் மாறி ஏறியது, பரப்பு குறைந்து ஏறியது என்று எத்தனையோ தவறுகள் விழுந்தன. பத்திரம் உங்கள் தாத்தா பெயரில் இருக்கும், பட்டா பெரிய தாத்தா பெயரில் இருக்கும். யாரும் விற்காத வரை யாருக்கும் தெரியாது. நீங்கள் வந்து கையை வைக்கும்போதுதான் வெடிக்கும். கூட்டுப் பட்டாவைப் பிரிக்க வேண்டுமென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், உட்பிரிவு எண் போட வேண்டும். பக்கத்து வயல்காரர் ஆட்சேபணை சொன்னால் அதையும் விசாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் உங்கள் டிக்கெட் தேதி தெரியாது.

இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. விண்ணப்பம் எல்லாம் கணினிக்கு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஆதாரில் இருக்கும் உங்கள் பழைய கைபேசி எண் எட்டு வருடம் முன்பே செத்துப்போயிருக்கும். இ-சேவை மையத்தில் ஓ.டி.பி. எண் கேட்பார்கள். அது அந்தச் செத்துப்போன எண்ணுக்குத்தான் போகும்.

இந்த அவசரத்தில்தான் நான் சொல்ல வந்த விஷயம் நடக்கிறது. ஆறு வேலையில் ஐந்து முடியாது என்று பத்தாம் நாள் தெரிந்துவிடும். முடியக்கூடியது எது? தங்கையிடம் கையெழுத்து வாங்குவது. "அண்ணனுக்கு வெள்ளிக்கிழமை ஃபிளைட். வியாழக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்மா." விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். தன் பாகத்தின் மேல் இனி உரிமை கோர மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. பேருந்து பிடித்து வந்து, மர நிழலில் பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து, எட்டுப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, கைரேகை வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு அவள் அடுத்த பேருந்தில் போகிறாள். அந்தப் பத்திரத்தில் தனக்கு எவ்வளவு பாகம் இருந்தது, அதன் மதிப்பு என்ன என்று அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ல் வந்தது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், அப்பாவைப் பெற்ற தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்வியே அங்கே கிடையாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது இல்லை. 2005ல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. 2005ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20.12.2004க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடிந்தவற்றை மட்டும் இது தொடாது. இஸ்லாமிய, கிறிஸ்தவ மாணவர்களுக்குச் சட்டம் வேறு, பங்கு முறை வேறு. அவர்கள் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் நான் சொல்லும் அவசரக் கையெழுத்து எல்லா வீட்டுக்கும் பொது.

ஒரு பின்னக் கணக்கு தருகிறேன். அப்பா தன் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். உயில் இல்லாமல் இறந்தார். அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். யாருக்கு எவ்வளவு? கால் பங்கு என்று கை தூக்குவீர்கள். அப்பத்தா உயிரோடு இருந்தால்? ஐந்தில் ஒரு பங்கு. அப்பத்தாவை எல்லோரும் மறந்துவிடுவீர்கள்! பிறகு அப்பத்தா இறந்ததும் அந்த ஐந்தில் ஒன்று அவருடைய வாரிசுகளான சித்தப்பா, அத்தைமார்களுக்கும் போகிறது. பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது "உங்கள் சித்தப்பா கையெழுத்து எங்கே?" என்று வாங்குபவரின் வக்கீல் கேட்பார். அப்போது தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் வருவீர்கள்.

இனி என் சொந்த விஷயம் ஒன்று. உறவினர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். 1994ல் எங்கள் அப்பா காலமானார். அண்ணன் அப்போது வளைகுடாவில். தகவல் கேட்டு ஓடி வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மூன்றாம் நாள் அவருக்குத் திரும்பும் பயணம். இடையில் ஒரு நாள் என்னையும் தங்கையையும் அழைத்துப்போனார்கள். கையெழுத்துப் போட்டோம். நான் பட்டதாரி ஆசிரியை, தினமும் நாற்பது பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கச் சொல்லிக்கொடுப்பவள். என்னிடமே "படித்துப் பார்க்கிறாயா?" என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் நல்லவர். இன்றும் தீபாவளிக்கு எனக்குப் புடவை வாங்கித் தருகிறார். அந்த நிலம் அவரிடம் இருப்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. கேட்டிருந்தால் நானே சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதால், கொடுத்த சந்தோஷம் எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது. முப்பது வருடம் ஆகியும் அது ஆறவில்லை. அண்ணனும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"கல்யாணத்தில் அவளுக்கு நகை, சீர் எல்லாம் செய்தோமே டீச்சர்?" செய்தீர்கள். கணக்கு என்று வந்தால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். உங்கள் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை எந்தப் பக்கம் எழுதுவது? முதல் முறை வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தை? அதற்காக அடகு வைத்த அம்மாவின் சங்கிலியை? சீர் செய்தது அன்பு என்றால் அதைக் கணக்கில் எழுதாதீர்கள். கணக்கு என்றால் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

"வீடு கட்டப் பணம் அனுப்பியதே நான்தானே?" இது நியாயமான கேள்வி. அந்த வேர்வையை யாரும் மறுக்க முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து, உங்கள் பணத்தில் கட்டியதை உங்கள் பேருக்கு எழுதி வாங்கியிருக்க வேண்டும், அல்லது உயிலாவது எழுதச் சொல்லியிருக்க வேண்டும். வங்கி மூலம் அனுப்பிய ரசீதுகளை வைத்திருங்கள். அவற்றைத் தங்கையின் முன் வைத்துப் பேசுங்கள். பெரும்பாலான தங்கைகள் நியாயம் புரிந்தவர்கள்.

"அவளே வேண்டாம் என்கிறாளே?" என்பது மூன்றாவது. எப்போது சொன்னாள்? கூடத்தில் பெரியப்பா, மாமா, பங்காளிகள் சூழ உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எந்தப் பெண் வேண்டும் என்பாள்? பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. தாய்மாமன் இல்லாமல் தன் பிள்ளைக்கு விசேஷம் நடக்குமா என்ற பயம். அந்தப் பயத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். உண்மையாகவே விட்டுக்கொடுக்கிறாள் என்றால், பத்திர வரைவை ஒரு மாதம் முன்னதாக அவள் கையில் கொடுங்கள். தமிழில் படித்துக் காட்டுங்கள். இத்தனை பாகம், இன்றைய மதிப்பு இவ்வளவு என்று எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நீங்கள் அமர்த்தாத ஒரு வக்கீலிடம் அவள் போய்க் கேட்கட்டும். அதற்குப் பிறகும் "அண்ணனே வைத்துக்கொள்ளட்டும்" என்றால், அது கொடை. காலில் விழுந்து வாங்கிக்கொள்ளலாம்.

இதில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்றே ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. விவசாய நிலம் வாரிசு முறையில் உங்களுக்கு வரலாம். ஆனால் வெளிநாட்டுவாசியாக இருக்கும் இந்தியரோ, ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரோ விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அந்நியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை. உங்கள் சொந்தப் பங்கு வேறு, தங்கையின் பங்கை எழுதி வாங்குவது வேறு. வயல் சம்பந்தப்பட்டிருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் பத்திர எழுத்தரிடம் போகாதீர்கள்.

அடுத்து, ஊரில் இருக்கும் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஊரோடு தங்கிவிட்ட ஒருவர் இருப்பார். தம்பியோ, தங்கையோ, தங்கை கணவரோ. வி.ஏ.ஓ. இன்று இருப்பாரா என்று விசாரிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, மூன்று முறை திருப்பி அனுப்பினால் நாலாவது முறை போவது எல்லாம் அவர் வேலை. அதற்காக அரை நாள் சம்பளம் போகும், பெட்ரோல் போகும். நீங்கள் வாட்ஸ்அப்பில் "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பீர்கள். அந்தக் கேள்வியில் சந்தேகமும் கலந்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும்? ஒரு நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஓடியதற்கு ஆன செலவை அதில் எழுதட்டும். குடும்பப் பணத்திலிருந்து அதைக் கொடுத்துவிடுங்கள். பிச்சை போடுவதுபோல் பாட்டில் செண்டும் சாக்லேட்டும் கொடுத்துச் சரிக்கட்டாதீர்கள்.

இன்னொன்று. "சீக்கிரம் முடியணும், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று அலுவலக வாசலில் நின்று சத்தமாகச் சொல்லாதீர்கள். நீங்கள் அவசரத்துக்கு நீட்டும் தொகை, நீங்கள் போன பிறகு எங்களுக்கு வழக்கமான தொகை ஆகிவிடுகிறது. வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை என்று ஏற்பட்டதே இப்படித்தான். ஊரோடு இருக்கும் கூலிக்காரரும் அதே சான்றிதழுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்.

சரி, என்ன செய்யலாம்? கரும்பலகையில் எழுதுவதுபோல் வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் செய்ய வேண்டும். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் எழுத்துமூல அனுமதி வேண்டும், ஒரு வருடம் தாண்டினால் நிர்வாக நடுவர் உத்தரவு வரை போகும். பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. ஆதாரைப் பார்த்து, பத்திரத்தைப் பார்த்து, காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். காரியத்துக்கு வந்தவர்கள் அந்த லீவில் செய்ய வேண்டிய ஒரே காகித வேலை இதுதான். மற்றது எதுவும் வேண்டாம். துக்கம் ஆறட்டும்.

2. வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் தாசில்தார் வழங்குவார். ஊரில் இருப்பவரே விண்ணப்பிக்கலாம். மகள்கள் எல்லோர் பெயரும், பாட்டி இருந்தால் அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். பெயரை விட்டுவிட்டு வாங்கிய சான்றிதழ் பிறகு வழக்காகத் திரும்பி வரும்.

3. நீங்கள் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, இருந்த இடத்திலிருந்தே வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் இணையத்தில் எடுத்துப் பாருங்கள். பத்திரம், பட்டா, ஆதார் மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா? பத்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சரிபார்த்த மாதிரி சரிபாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை வில்லங்கம் பார்ப்பது எல்லோருக்கும் நல்ல பழக்கம். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏதாவது நடந்திருந்தால் அதில் தெரியும். ஏமாற்றப்பட்ட வெளிநாட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

4. பிழை திருத்த மனு இருந்தால் மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் கொடுக்கச் சொல்லுங்கள். உயர் அதிகாரி முன்னிலையில் கணக்கு பார்க்கும் நேரம் அது. மனுவுக்கு எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.

5. வர முடியாவிட்டால் அதிகாரப் பத்திரம். நீங்கள் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இன்ன சர்வே எண், இன்ன வேலை என்று குறிப்பிட்டு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்குமான பொது அதிகாரம் யாருக்கும் வேண்டாம். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். அப்பா கொடுத்த அதிகாரப் பத்திரத்தை அப்பா போன பிறகு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் காகிதம்.

6. வங்கிக் கணக்கில் நாமினி என்று போட்டிருந்தால் பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்று நினைக்காதீர்கள். வாங்கி, வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர் அவர். அப்பா இறந்த பிறகு அவருடைய ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீர்கள். அது சட்டப்படி தவறு, உடன்பிறந்தவர்களுக்குள் சந்தேகத்துக்கும் விதை.

7. இவ்வளவும் ஆன பிறகு, வருவதற்கு ஒரு மாதம் முன் எல்லா உடன்பிறப்புகளும் அம்மாவும் வீடியோவில் உட்காருங்கள். மருமகன், மருமகள்கள் பிறகு வரட்டும். பேசியதை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அம்மாவின் பங்கு அம்மாவிடமே இருக்கட்டும். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மருந்துச் சீட்டோடு பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களை இந்த ஊரிலேயே காட்டுவேன்.

என் வயதுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. "நான் இருக்கும்போதே பங்கா?" என்று கோபப்படுகிறோம். நாம் பேசாததால்தான் அவர்கள் லீவில் அடித்துக்கொள்கிறார்கள். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. நானும் சாரும் போன வருடம் எழுதிவிட்டோம். எங்கள் வீட்டில் ஒரு நீலக் கோப்பு இருக்கிறது. பத்திரங்கள், வங்கிப் புத்தகம், காப்பீடு, ஓய்வூதியப் புத்தகம், கடன் ஏதும் இல்லை என்ற ஒரு குறிப்பு. எங்கே இருக்கிறது என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். மகளுக்கு என்ன, மகன்களுக்கு என்ன என்று மூவரையும் ஒன்றாக வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. பெரியவன் முதலில் முகத்தைச் சுளித்தான். ஒரு வாரம் கழித்து அவனே தங்கைக்குப் போன் செய்து பேசினான். அன்று இரவு நாங்கள் நன்றாகத் தூங்கினோம்.

எனவே பிள்ளைகளே, இந்த முறை வருபவர்கள் பத்திரம் எதையும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உங்கள் பள்ளிச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பெற்றோரின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர்களைச் சரிபாருங்கள். ஆதாரில் ஓடுகிற ஒரு கைபேசி எண்ணைச் சேருங்கள். அப்பாவோடு வயலுக்குப் போய் எந்த வரப்பு நம்முடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தங்கை வீட்டுக்குக் கையெழுத்து வேலை எதுவும் இல்லாமல் ஒரு முறை போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பங்குப் பேச்சை ஆரம்பிக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இதில் சட்ட விவரம் ஏதாவது மேலும் சொல்ல வேண்டியது இருந்தால், வக்கீலாக இருக்கும் என் மாணவர்கள் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுங்கள், ஆனால் யார் பெயரையும் போட்டு எழுத வேண்டாம். அண்ணன் தம்பி இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், அக்கா தங்கை இருக்கும் ஒவ்வொரு ஆணுக்கும் இது போய்ச் சேரட்டும்.

எல்லோரும் நல்லபடியாக வந்து, நல்லபடியாகத் திரும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்